‘தமிழ்’ ஐந்தெழுத்தா?

‘தமிழ்’ என்னுஞ் சொல்லில் எத்துணை எழுத்து? த, மி, ழ் என மூன்று என்பதை முதல் வகுப்புப் பிள்ளையும் விரல்விட்டுச் சொல்லும். ஆயின், காரைக்குடிப் பக்கத்துப் பள்ளியொன்றில் யான் தமிழ் கற்பிக்கும் மாணாக்கன் ஒருவன் கணிப்பொறியை வினவியபோது, அது ‘ஐந்து’ என விடையிறுத்தது. அச்சொல்லைக் கடைதலையாகத் திருப்புக என்றான். புள்ளி முன்னே தனித்துத் தொங்க, ‘ழிமத’ என உளறிற்று. “ஐயா, பொறி பிழையா? நாம் கற்றது பிழையா?” என்று கேட்டான். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் கரணியம்.

பொறியின்மேற் பிழையில்லை; அதற்குக் கற்பித்த முறையிலேயே பிழை. 1991-இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய அரசு 1988-இல் வகுத்த குறியேற்றத்தின் அச்சிலேயே தமிழையும் வார்த்தது. தமிழுக்கு ஒதுக்கியவை 128 இடங்கள். அவ்வமைப்பில் ‘மி’ ஓரெழுத்தன்று. மகரம் ஒன்று, மேல்விலங்கு ஒன்று. ‘ழ்’ ஓரெழுத்தன்று, ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று. புள்ளி பெற்றது மெய், பெறாதது அகர உயிர்மெய் என்னும் வரிவடிவ மரபுக்கு இஃது ஒருவாறு ஒக்கும் என்பார் உளர். ஒக்கட்டும், எழுத்தெண்ணுதற்கு ஒவ்வாதே! எழுத்தெண்ண அறியாத பொறி அசை பிரிப்பது எங்ஙனம்? சொற்களை அகரநிரற்படுத்துவது எங்ஙனம்? 247 எழுத்தும் அறியாத பொறியிடம் தமிழை ஒப்படைத்துவிட்டு, மேடைதோறும் ‘கணித்தமிழ்’ என முழங்குகின்றோம்!

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் யாவர்? பட்டிமன்றப் பேச்சாளர் அல்லர். பொன்னாடை பெற்றவரும் அல்லர். ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியைச் சார்ந்து எழுந்த ஒரு சிறு தொண்டர் கூட்டம், ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரல்நூலகத்தைப் பைத்தான் மொழியில் ஆக்கித் தந்தது. அதனைப் பொறியிற் சேர்த்தபின் அம்மாணாக்கன் மீண்டும் வினவினான். விடை, மூன்று! திருப்புக என்றான், ‘ழ்மித’ என முறையாய் வந்தது. எண்ணைத் தமிழ்ச்சொல்லாக்கவும், பழைய குறியேற்றங்களிற் கிடக்கும் உரைகளை ஒருங்குறிக்கு மாற்றவும், சொற்களைத் தமிழ் முறைப்படி நிரற்படுத்தவும் அந்நூலகம் உதவுகின்றது. பெயரில் ஆங்கிலங் கலந்துளதே என முகஞ் சுளிப்பார்க்கு ஒன்று சொல்வேன்: அவர்க்குப் பெயர் கலப்பு, பணி தூய தமிழ்; நம்மிற் பலர்க்கோ பெயர் தூய தமிழ், பணி வெறுங்காற்று!

நிரல் எழுதுதல் பாதி வேலையே. அதனைப் பொதியாக்கிப் பேணுதல் மறுபாதி. பொதி என்பது வெறும் மூட்டையன்று. பெயர், பதிப்பெண், அது சார்ந்துநிற்கும் பிற நிரல்களின் பட்டியல், சரிபார்க்கும் ஆய்வுகள், விளக்கவுரை, உரிமம் ஆகிய யாவும் ஒழுங்குற அமைதல் வேண்டும். ஓப்பன் தமிழுக்கு அளித்திருப்பது எம்.ஐ.டி. உரிமம். உரிமைக் குறிப்பை நீக்காது எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். இவ்வாறு பொதிந்து பொதுக்கிடங்கில் ஏற்றி வைத்தமையாலன்றோ, சிற்றூர் மாணாக்கன் ஒரே வரிக் கட்டளையால் அதனைப் பெற்றான்! ஏற்றியதோடு பணி முடிவதுமன்று. 2020 தொடக்கத்திற் பைத்தானின் இரண்டாம் பதிப்பு கைவிடப்பட்டது. மூன்றாம் பதிப்புக்கேற்பத் திருத்தப்பெறாத நிரல்கள், பரணிற் கிடந்து செல்லரித்த சுவடிகள்போற் பயனற்றன.

இதன் அருமையை நம் வட்டாரத்தார்க்கு விளக்கவும் வேண்டுமோ? நம் கோட்டையூர் ரோசா முத்தையா, தனியொருவராய் ஏறத்தாழ 50,000 நூல்களைத் தேடித் தொகுத்தார். அவர் 1992-இல் மறைந்தார். அத்தொகுப்பைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் வாங்கிய பின்னரே, 1994-இற் சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகம் அமைந்தது. நூல்கள் வகைப்படுத்தப்பட்டன, பட்டியலிடப்பட்டன, நுண்படமாயின. தொகுத்தவர் தமிழர், கட்டிக்காக்கக் கடல்கடந்தோர் வரவேண்டியதாயிற்று! நூலகத்துக்கு நேர்ந்த இந்நாணம் நிரல்நூலகத்துக்கும் நேரல் வேண்டுமா?

“அரசு செய்யட்டும்” என்பார் சிலர். அரசு செய்தல் வேண்டும். மக்கள் பணத்தில் ஆக்கும் தமிழ் நிரல் ஒவ்வொன்றையும் அதன் மூலத்தோடு மக்கள்முன் திறந்துவைத்தலும் வேண்டும். அதனை உரக்கக் கேட்போம். ஆயின், அதுவரை கைகட்டி நிற்பதோ? 1993-இற் தொடங்கிய தெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைப் பன்னாட்டுத் தொண்டர்களே பொதி பொதியாகப் பங்கிட்டுப் பேணி வருகின்றனர். ஒவ்வொரு பொதிக்கும் பேணுநர் உண்டு. அவர்கள் எவ்வரசின் ஆணைக்குக் காத்திருந்தனர்?

“யாம் புலவர், நிரல் அறியோம்” என்பார் வேறு சிலர். நிரல் அறிந்த இளைஞர்க்குப் புணர்ச்சி விதி தெரியாது. புணர்ச்சி விதி அறிந்த நமக்கு நிரல் தெரியாது. இருவரும் ஒரு பலகையில் அமர்ந்தாலன்றோ தமிழ் பொறியேறும்! பொறி பிழைபடும் சொற்களைத் திரட்டிக் கொடுக்கலாம். புணர்ச்சிக்கு எடுத்துக்காட்டுகளும் புறனடைகளும் எழுதித் தரலாம். தமிழுக்கென்றே ஆக்கிய நிரற்பொதிகள் பலவற்றின் விளக்கவுரை ஆங்கிலத்திலன்றோ உள்ளது! அதனைத் தமிழில் எழுத நம்மினும் உரியார் யாவர்? ஆங்கில ஆட்சியை மேடையிற் பழித்துவிட்டு, இந்த இடத்தை வெறிதே விட்டுவைப்பது யாருடைய குற்றம்?

நகரத்தார் வழக்கில், மணமுடித்த குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு ‘புள்ளி’. புள்ளிக்கு இவ்வளவு எனப் பங்கு தந்து கோயிற் பணி நடத்துவது இம்மண்ணின் மரபு. ஒருவர் கொடையன்று; எல்லார் பங்கு. தமிழ் நிரலுக்கும் அவ்வாறே புள்ளிக்கணக்கு எழுதுவோம். பள்ளிக்கு ஓர் ஆசிரியர், கல்லூரிக்கு நான்கு மாணாக்கர், கிழமைக்கு ஒருமணி நேரம், இதுவே புள்ளிவரி. தலைக்கொரு பொதியைப் பேணினும் போதும்.

அம்மாணாக்கனுக்கு யான் கூறிய விடை இது: “தம்பி, நாம் கற்றது பிழையன்று. கற்றதைப் பொறிக்குக் கற்பியாது விட்டதே எம் தலைமுறையின் பிழை. வா, இருவரும் திருத்துவோம்.”