சாமுராய் கவசமும் நம் பிள்ளைகளின் கைகளும்



எங்கள் பள்ளியின் கைவினைக் கழகத்தில் இவ்வாண்டு ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஜப்பானிய சாமுராய் வீரர்களின் கவசத்தை அட்டையால் செய்து வருகின்றனர். இதுகுறித்து இரண்டு கேள்விகள் என்னிடம் கேட்கப்பட்டன. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பொருளுக்கு இத்தனை வாரங்களை ஏன் செலவிட வேண்டும் என்பது ஒன்று. உலகில் எத்தனையோ கைவினைகள் இருக்க, ஜப்பானியப் போர்க்கவசம் ஏன் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை கூறுவது எளிது. இரண்டாவது அவ்வாறன்று. ஆயினும் கையால் செய்ய வேண்டும் என்பதே இரண்டுக்கும் உரிய விடை என்று நான் கருதுகிறேன்.

சாமுராய் கவசம் என்றதும் முழு இரும்புச் சட்டையைப் பலர் நினைத்துக் கொள்கின்றனர். பழைய ஓ-யோரோய் வகைக் கவசம் ஆயிரக்கணக்கான சிறு செதில்களால் ஆனது. கொசானே எனப்படும் அச்செதில்கள் இரும்பாலோ பதனிடாத தோலாலோ செய்யப்பட்டவை. ஒவ்வொன்றிலும் இரண்டு நிரையாகத் துளைகள் இருக்கும். பெரும்பாலும் 13 அல்லது 14. ஒரு செதிலின் பாதியை அடுத்த செதில் மூடுமாறு அடுக்கிக் கட்டி ஒரு வரிசையாக்குவர். அதன்மேல் உருஷி என்னும் மரப்பாலை மெருகாகப் பூசுவர். பின்னர் வரிசையோடு வரிசையைப் பட்டுக் கயிற்றாலோ தோல்வாராலோ தொங்குமாறு கோப்பர். இக்கோப்பு வேலைக்கு ஒதோஷி என்று பெயர். இப்படி உருவாகும் முழுக் கவசம் ஏறத்தாழ 30 கிலோ எடை இருக்கும். (உருஷி காய்வதற்கு உலர்ந்த காற்று உதவாது, ஈரமான காற்றுதான் வேண்டும். நம் நாட்டு வானிலை அதற்குப் பொருந்தும் என்றாலும், காயாத உருஷி தோலில் பட்டால் கடும் அரிப்பு உண்டாகும் என்பதால் பள்ளியில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. நாங்கள் கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைப் பூசுகிறோம்.)

பாதி மேல் பாதி என்ற இந்த அடுக்குமுறை பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கணக்குப் பாடமாக அமைந்தது. 30 செ.மீ. அகலமுள்ள ஒரு வரிசைக்கு 3 செ.மீ. அகலமுள்ள செதில்கள் எத்தனை வேண்டும் என்று கேட்டேன். பத்து என்றனர். பத்தை அடுக்கிப் பார்த்தபோது 16.5 செ.மீ. மட்டுமே நிரம்பியது. அப்படியானால் இருபது என்றனர். இருபதை அடுக்கியபோது 1.5 செ.மீ. மிகுந்து நின்றது. சரியான விடை பத்தொன்பது. ஏன் பத்தொன்பது என்பதைக் கரும்பலகையில் நான் எழுதிக் காட்டவில்லை; அட்டைத் துண்டுகளை முன்னும் பின்னும் நகர்த்தி அவர்களே கண்டுகொண்டனர். ஒரு தோள் கவசத்துக்கு ஆறு வரிசைகள் என்றால் 114 செதில்கள். நாங்கள் எளிமையாக்கி ஒவ்வொன்றிலும் ஆறு துளைகள் மட்டுமே இட்டோம். அவ்வாறு செய்தும் 684 துளைகள்! இரண்டு தோள்களுக்கும் சேர்த்து எத்தனை என்று அவர்களே பெருக்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டனர்.

கோப்பு வேலை இதனினும் கடினம். கயிற்றை இறுக்கிவிட்டால் வரிசைகள் விறைத்து நிற்கும். கையை உயர்த்த இயலாது. தளர விட்டால் இடையில் சந்து தெரியும். வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மடங்கவும், கையை இறக்கியதும் தாமாக விரியவும் வேண்டும். இந்த இழுவிசையை எந்தப் பாடநூலும் கற்றுத் தராது. விரல்தான் அறிந்துகொள்ள வேண்டும். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபோது இத்தகைய கற்றலுக்கு நேரம் கிடைக்கும் என்று நம்மில் பலர் மகிழ்ந்தோம். நடைமுறையில் அந்நேரத்தைப் பயிற்றிகளே விழுங்கிவிட்டன. கத்தரிக்கோலை நேராகப் பிடிக்கத் தெரியாத பதினொரு வயதுப் பிள்ளைகளைக் காணும் ஆசிரியர்கள் என் கவலையை உணர்வர்.

அட்டையால் செய்வது வெறும் போலி விளையாட்டுத்தானே என்று ஓர் ஆசிரிய நண்பர் கூறினார். அவருக்கு ஹொண்டா தடக்காட்சுவின் கவசத்தைச் சுட்டிக் காட்டினேன். தொக்குகாவா இயேயாசுவின் புகழ்பெற்ற படைத்தலைவர் இவர். இவருடைய தலைக்கவசத்தின் இருபுறமும் பெரிய மான்கொம்புகள் கிளைவிட்டு நிற்கும். அவை உண்மையான கொம்புகள் அல்ல. வாஷி என்னும் ஜப்பானியத் தாளைப் பல அடுக்குகளாக ஒட்டி, மேலே கறுப்பு மெருகு பூசிச் செய்யப்பட்டவை. போர்க்களத்தில் பகைவர் அஞ்சிய கொம்புகள் காகிதக் கொம்புகளே! தலைக்கு எடை கூடாமல் தோற்றம் பெரிதாக வேண்டும் என்பதற்காக அக்காலக் கைவினைஞர்கள் எளிய இரும்புக் கிண்ணத்தின் மேல் தாளையும் மரத்தையும் தோலையும் கொண்டு விதவிதமான உருவங்களை அமைத்தனர்.

செதில்களின் கதையும் இப்படித்தான். 1543-இல் போர்த்துக்கீசியர் வழியாகத் தானேகாஷிமா தீவுக்குத் துப்பாக்கி வந்து சேர்ந்தது. அதன்பின் சிறு செதில்களின் இடத்தை அகன்ற தகடுகள் பெருமளவில் பிடித்துக்கொண்டன. ஆயினும் பழைய அழகை விட மனமில்லாமல், முழுத் தகட்டின் மேல் விளிம்பைச் செதில் செதிலாக வெட்டி, நூற்றுக்கணக்கான செதில்களைக் கோத்தது போலத் தோன்றச் செய்தனர். அதாவது, உண்மையான கவசத்திலேயே போலிச் செதில்கள் இருந்தன. இதை அறிந்தபோது எங்கள் மாணவன் ஒருவன், "அப்படின்னா நாமதான் டீச்சர் ஒழுங்கா செய்றோம்!" என்றான். அவன் கூற்றை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாணவர் ஒருவரின் தாத்தா பள்ளிக்கு வந்து என்னிடம் கேட்டது இது: "டீச்சர், செய்யிறதுக்கு வேற உடுப்பே கெடைக்கலையா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். அவருடைய தந்தை தோட்டத்திலிருந்து சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டவர். திரும்பி வரவில்லை.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தாபாருவில் கரையிறங்கியது. 1942-இலும் 1943-இலும் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இரயில்பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே அழைத்துச் செல்லப்பட்டுக் காய்ச்சலாலும் காலராவாலும் பட்டினியாலும் மடிந்தனர். சாமுராய் என்னும் வகுப்பு அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இல்லாமற்போய்விட்டது. 1876-இல் வாள் அணியும் உரிமையும் பறிக்கப்பட்டது. ஆகவே கவசத்துக்கும் இரயில்பாதைக்கும் தொடர்பில்லை என்று நான் அந்த முதியவரிடம் சொல்லியிருக்கலாம். அது முழு உண்மையன்று. அன்றைய ஜப்பானிய இராணுவம் சாமுராயின் பெயரையும் புகழையும் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டது. தொழிற்சாலைகளில் திரளாகச் செய்த வாள்களைப் பழைய சாமுராய் வாளின் வடிவில் தன் அதிகாரிகளின் இடுப்பில் கட்டியது. கலை வேறு, போர் வேறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் விடை எனக்கு உவப்பானதன்று.

ஆனால் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சாமுராய் மீதான மயக்கத்தை நம் பிள்ளைகளுக்கு ஊட்டியது இந்தக் கைவினைக் கழகமா? கணினி விளையாட்டும் கேலிச்சித்திரப் படங்களும் அதை எப்போதோ ஊட்டிவிட்டன. பள்ளியில் தடை செய்வதால் அது அகலாது. முழுமையாக, பளபளப்பாக, தொலைவில் நின்று பார்க்கும் பொருளே மயக்கும். ஒவ்வொரு செதிலாக வெட்டி ஒவ்வொரு துளையாக இட்டவனுக்கு அது அட்டை, கயிறு, பசை, விரல் வலி என்று பிரிந்து தெரிகிறது. மான்கொம்பு காகிதமாகத் தெரிகிறது.

சக்காக்கிபாரா கோசான் என்ற ஜப்பானிய அறிஞர் 1800-இல் கவசத் தயாரிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நெருக்கமாகக் கோத்த பட்டுக் கயிறுகளை அவர் சாடுகிறார். மழையில் நனைந்தால் நீரை உறிஞ்சிக் கனக்கும்; விரைவில் உலராது; குளிர்காலத்தில் உறைந்துபோகும்; சேறு படிந்தால் எவ்வளவு கழுவினாலும் போகாது; நெடுநாள் போர்ப்பயணத்தில் நாற்றமெடுத்து எறும்பும் பேனும் குடியேறும் என்கிறார். இப்பகுதியின் கருத்தை வகுப்பில் சொன்னபோது மாணவிகள் முகம் சுளித்தனர். பேன் பிடித்த வீரனை எந்த விளையாட்டு நிறுவனமும் திரையில் காட்டுவதில்லை.

கவசத்துக்கான தோலைப் பதப்படுத்தித் தந்த மக்களைப் பற்றியும் அவர்களுக்குச் சொன்னேன். கவாத்தா எனப்பட்ட அம்மக்களின்றிப் போர்த்தலைவர்களுக்குக் கவசம் இல்லை. ஆகவே தத்தம் ஆட்சிப் பகுதியிலேயே அவர்களைக் குடியமர்த்தி வைத்துக்கொண்டனர். எடோ காலத்திலோ (1603–1868) அதே மக்கள் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டனர். 1871-இல் அரசாணை ஒன்று அந்த இழிபெயரை நீக்கியது. இழிவு அத்தனை விரைவில் நீங்கவில்லை. தோல் தொட்டவனை விலக்கிவிட்டுத் தோலை மட்டும் மார்பில் அணிந்துகொள்ளும் வழக்கத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நீட்டி விளக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

கையுழைப்பின் மதிப்புக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. தோக்கியோவின் மேற்கே மலைமீதுள்ள முசாஷி மித்தாக்கே ஆலயத்தில் ஹெயன் காலத்துச் சிவப்புக் கயிற்றுக் கவசம் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. 1903-இல் அதைப் பழுதுபார்த்தபோது புதிய கயிறுகளுக்கு இரசாயனச் சாயம் ஏற்றினர். அவை வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டன. அகானே என்னும் செடியின் வேரில் சாயமேற்றிய எண்ணூறு ஆண்டுப் பழங்கயிறுகளோ இன்றும் சிவப்பாகவே உள்ளன.

அந்த முதியவரின் கேள்வியால் எங்கள் திட்டத்தில் சிலவற்றை வரையறுத்துக் கொண்டோம். வாள் செய்வதில்லை. கவசம் அணிந்து சண்டைக் காட்சி நடிப்பதில்லை. பள்ளி விழாவில் காட்சிக்கு வைக்கும்போது கவசத்தின் வரலாற்றோடு சயாம் இரயில்பாதையைப் பற்றியும் மாணவர்களே எழுதிய ஒரு பக்கம் அருகில் இருக்கும். தம் தந்தையைப் பற்றித் தெரிந்ததைச் சொல்ல முதியவர் இசைந்துள்ளார். அவருக்கு இத்திட்டம் பிடித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பேரன் கழகத்துக்குத் தொடர்ந்து வருகிறான்.

ஆயத்தப் பொருள்களை வாங்கித் தரும் பெற்றோர்களுக்கும் ஒரு சொல். ரப்பர் நுரைத் தாளில் அச்சிட்டு வெட்டிய கவசத் துண்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. சூட்டுப் பசையால் ஒட்டினால் ஒரே மாலையில் முடிந்துவிடும். தொலைவிலிருந்து பார்க்க எங்கள் அட்டைக் கவசத்தைவிட அழகாகவே இருக்கும். ஆனால் அதில் கோப்பு வேலை இல்லை. கயிறு வெறும் படமாக அச்சிடப்பட்டிருக்கும். மயக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு உழைப்பை மட்டும் நீக்கிவிட்ட பொருள் அது. பிள்ளை தூங்கிய பிறகு தந்தையார் கண்விழித்துக் கோத்து அனுப்பிய ஒரு தோள் கவசமும் எங்களுக்கு வந்தது. வேலைப்பாடு மிக நேர்த்தி. நன்றி கூறி, கயிற்றை அவிழ்த்து, செதில்களை மட்டும் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தேன். தந்தையார் வருந்தியிருப்பார். அவருக்கும் ஆர்வம் இருந்தால் புதன்கிழமை பிற்பகலில் கழகத்துக்கு வந்து தமக்கென ஒன்றைத் தொடங்கலாம். ஜப்பானில் பல ஊர்களில் பெரியவர்கள் கூடித் தாளால் கவசம் செய்து ஊர்த் திருவிழாவில் அணிந்து நடக்கின்றனர்.

இத்தகைய திட்டத்தைத் தங்கள் பள்ளியில் மேற்கொள்ள விரும்பும் ஆசிரியர்கள் முழுக் கவசத்துக்கு ஆசைப்பட வேண்டாம். ஒரு தோள் கவசம் போதும். அதற்கே எங்களுக்கு ஒன்பது வாரங்கள் ஆயின. நெளி அட்டை துளையிட்டதும் கிழிகிறது; பழைய கோப்பு அட்டைகளே ஏற்றவை. பெற்றோர்கள் பழைய காலணிக் கயிறுகளை வீசிவிடாமல் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். நிறம் எதுவாயினும் சரி. தட்டையாக, ஒரே அகலத்தில் இருந்தால் நலம். இரண்டாவது தோளுக்கு இன்னும் பாதிக் கயிறு குறைவாக உள்ளது.