ஸ்கிரிப்ட்டை ஓடவிடும் முன்…

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். அப்படி ஓர் ஆபீஸில் நீங்கள் கணக்கு பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். சம்பளம், ஸ்டாக், ஜி.எஸ்.டி. ஃபைல்களைத் தினமும் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு காப்பி செய்ய வேண்டும். என்றைக்கு மறக்கிறோமோ, அன்றைக்கென்று பார்த்து ஹார்டு டிஸ்க் போய்விடும்!

இதற்கென்றே லினக்ஸில் இருக்கிறது ‘ஆர்சிங்க்’. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-ல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கியது. ஏற்கெனவே அங்கே இருக்கும் ஃபைலில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் என்பதால், நெட் மெதுவாக இருந்தாலும் சமாளிக்கலாம். கட்டளையை ஷெல் ஸ்கிரிப்ட்டாக எழுதி, ‘க்ரான்’ வசதியில் நேரம் குறித்துவிட்டால் தினமும் தானாக ஓடும்.

ஆனால், ‘டெலீட்’ ஆப்ஷனில் உஷார். மூலத்தில் இல்லாத ஃபைலை நகலிலும் அழித்துவிடும். பகலில் யாரோ கை தவறி ஃபோல்டரைக் காலி செய்தால், ராத்திரி நகலும் காலி! பழகும்வரை அதைத் தொடாதீர்கள்.

முதலில் ‘ட்ரை ரன்’ ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். எதையும் காப்பி செய்யாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். வாரம் ஒரு நகலை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து, திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பலாம்!