சிவப்புப் பூச்சியின் பெயர்



"புதிய உயிரினம் கண்டுபிடிப்பு" என்று நாளிதழில் வாசிக்கும்போது, நேற்றுவரை இல்லாத ஒன்று இன்று உலகில் தோன்றிவிட்டதுபோல் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அந்த உயிர் யாரோ ஒருவருடைய வேலியோரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்திருக்கும். ஒருவர் அதன் அருகே குனிந்து, உற்று நோக்கி, அளந்து, மற்றவற்றிலிருந்து பிரித்தறிந்து, பெயரிட்டு எழுதிவைத்தார் என்பதே அதில் புதிய செய்தி. அந்த வேலைக்குரிய மதிப்பை நம் சபைகள் இன்னும் தரவில்லை என்பது என் எண்ணம். நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கும் ஒரு பூச்சியைக் கொண்டே இதைச் சொல்கிறேன்.

நம் பகுதியின் பருத்திக் கொல்லைகளிலும், வீட்டுப் புறக்கடை வெண்டையிலும் செம்பருத்தியிலும், காய் வெடித்த இலவ மரத்தடியிலும் அது கூட்டமாகத் திரியும். செந்நிற உடல், முன்னிறகில் பக்கத்துக்கு ஒரு கரும்புள்ளி, வயிற்றின் அடியில் வெண்பட்டைகள். இணை சேர்ந்தவை வால்புறம் ஒட்டியபடி, ஒன்று முன்னே இழுக்க மற்றது பின்னே நடக்கும். வேளாண்மைத் துறையினர் இதனைச் சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சி என்பர். ஊசிபோன்ற வாயால் காயைத் துளைத்து விதையின் சாற்றை உறிஞ்சும். துளை வழியே நுண்ணுயிர்கள் புகுவதால் பஞ்சு கறைபட்டு விலை குறையும். பருத்தி பயிரிட்டு நட்டப்பட்டவரிடம் போய் இதன் அழகைப் பற்றி நான் பிரசங்கிக்கப் போவதில்லை.

ஆனால் இதன் பெயரைக் கேளுங்கள்: டிஸ்டெர்கஸ் கோனிகி. அந்தக் கோனிக் யார்? 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய அதே தரங்கம்பாடியில், அதே மிஷனுக்கு மருத்துவராக 1768இல் வந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக். உயிர்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் அவர். பிணியாளரைக் கவனித்த அதே கண்களால் செடிகளையும் பூச்சிகளையும் கவனித்து, ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்தார். 1774இல் ஆற்காடு நவாபின் பணிக்கும், 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்கும் மாறிச் சென்று, 1785இல் காக்கிநாடா அருகே மரித்தார். நீங்கள் தினமும் தாளிக்கும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரிலும் அவர் பெயரே நிற்கிறது.

பூச்சிக்கு அவர் பெயரைச் சூட்டியவர் டென்மார்க்கில் பிறந்த பெப்ரிசியுஸ். (நம் பழைய தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்து, 1779இல் அகராதியும் தந்த வேப்பேரி பெப்ரிசியுஸ் ஐயர் வேறு, இவர் வேறு. பெயர் ஒற்றுமையால் பலர் மயங்குகிறார்கள்.) இவரும் லின்னேயஸின் மாணவர். ஏறத்தாழ 10,000 உயிர்களுக்குப் பெயரிட்டவர், இந்தியாவைக் கண்டதில்லை. 1775இல் வெளியான அவருடைய நூலில்தான் நம் கொல்லைப் பூச்சி முதன்முதலாக உலகப் பதிவேட்டில் ஏறியது.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நம் உழவர் தலைமுறைகள் அறிந்திருந்த பூச்சி, அதைக் கொல்லையில் கண்டிராத ஒருவரால், கடல் கடந்து வந்த ஒருவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. கோனிக் 1779இல் கறையானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கிளம்பவிருக்கும் ஈசலைப் பிடிக்க, புற்றின் இருபுறமும் துளையிட்டு, காற்று வரும் பக்கம் புகைமூட்டி, மறுபக்கத் துளையில் வாசனைத் தழை தேய்த்த பானையை வைக்கும் நம் மக்களின் முறை அதில் வந்திருக்கிறது. முறை உலகெங்கும் பரவியது. அதைச் செய்து காட்டியவரின் பெயர் நமக்கு எட்டவில்லை. இதற்காகக் கோனிக்கைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. அவர் குனிந்து பார்த்தார், எழுதினார். எழுதாதவர் பக்கத்தில் நாம் இருந்துவிட்டோம். நம்மை எழுதவிடாத சமூகமும் அன்று இருந்தது.

எழுதுவது எளிதன்று. எருக்கஞ்செடியிலும் சிவப்பும் கருப்புமாய் ஒரு பூச்சி இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எருக்கம்பூச்சியின் தலையில் பெரிய கண்களுக்கு நடுவே இரண்டு சிறு புள்ளிக்கண்கள் உண்டு. பருத்திப் பூச்சிக்கு அவை கிடையா. ஆகவே இரண்டும் வெவ்வேறு குடும்பம். பெப்ரிசியுஸ் அதே 1775ஆம் ஆண்டு நூலில் விவரித்த மற்றொரு சிவப்புப் பூச்சியும் நம் கோனிகியும் ஒன்றோடொன்று வெகுகாலம் குழப்பப்பட்டன. அக்காலத்து விவரணைகள் அவ்வளவு சுருக்கமானவை. இன்று ஒரு புதிய இனத்தை அறிவிப்பவர் உறுப்புறுப்பாக அளக்கவேண்டும், உறவினங்களோடு ஒப்பிடவேண்டும், எந்தப் பூச்சியைப் பார்த்து எழுதினாரோ அதனையே பின்வருவோர் சோதித்துப் பார்க்கும்படி காப்பகத்தில் ஒப்படைக்கவேண்டும். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பது என்பது ஒரு பூச்சியைக் குறித்தும் பொருந்தும் என்று எண்ணுகிறேன்.

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில், பெயரிடும் வேலையைத் தேவன் மனிதனிடம் ஒப்படைக்கிறார். பாவம் நுழைவதற்கு முன் தரப்பட்ட வேலை அது. அங்கே நாட்டு மிருகங்களும் பறவைகளும் காட்டு மிருகங்களும் சொல்லப்படுகின்றன. ஊரும் பிராணிகள் சொல்லப்படவில்லை. அந்தப் பங்கு நமக்கென்று மீதி வைக்கப்பட்டிருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பூச்சிகளில் இதுவரை ஏறத்தாழ 10 இலட்சம் இனங்களே விவரிக்கப்பட்டுள்ளன. பெயரில்லாதவை அதனினும் மிகுதி என்றே அறிஞர் கணிக்கின்றனர். சாலொமோனின் ஞானத்தைப் பட்டியலிடும் முதலாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரமோ ஊரும் பிராணிகளையும் விட்டுவிடவில்லை.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம், நம் சபையின் ஒரு பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விலங்கியல் படிக்க விரும்புகிறாள். பூச்சிகளை ஆராய வேண்டுமாம். "நர்சிங் படித்தால் நாலு பேருக்கு ஊழியமாயிருக்கும், பூச்சி படித்து யாருக்கு என்ன பயன்?" என்று பெற்றோர் என்னிடம் கேட்டனர். வருமானத்தைப் பற்றிய அவர்கள் கவலை நியாயமானது; அதற்கு என்னிடம் எளிய பதில் இல்லை. ஆனால் 'ஊழியம்' என்ற சொல்லை அந்தத் தராசில் வைக்க நான் உடன்படமாட்டேன். கோனிக்கின் மருத்துவமும் பூச்சிப் பெட்டியும் ஒரே வீட்டில் இருந்தன. பயனைத்தான் கேட்பீர்களானால், எந்தப் பூச்சி பருத்தியைக் கெடுக்கிறது, எது கெடுப்பதில்லை என்று பிரித்தறியாதவன் எல்லாவற்றின்மேலும் நஞ்சு தெளிக்கிறான். அந்தச் செலவை நம் உழவர்கள் அறிவார்கள். அதை மூச்சில் இழுக்கிறவர்களும் அவர்களே.

வரும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கும்படி குழுவினரைக் கேட்டிருக்கிறேன். உருப்பெருக்கிக் கண்ணாடிகள் நான்கு வாங்கியாயிற்று. பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் கொடுத்தனுப்புங்கள். ஆலயத்தின் பின்புற எருக்கஞ்செடியில் இருப்பதையும் உங்கள் வெண்டைச் செடியில் இருப்பதையும் அவர்கள் அருகருகே வைத்து வரையட்டும். அந்தப் பெண்ணைத்தான் சொல்லிக்கொடுக்கக் கேட்டிருக்கிறேன்; அவள் பெற்றோரும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.