குரங்குக்கு ரொட்டி கொடுப்பது ஸதகாவா?



சென்ற பள்ளி விடுமுறையில், எங்கள் ஞாயிறு மத்ரஸாவின் பிள்ளைகளையும் பெற்றோரையும் சிங்கப்பூரின் புக்கித் தீமா மலையடிவாரத்தில் உள்ள ஹிண்ட்ஹீட் இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். பியூட்டி வேர்ல்டு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடலாம். மலையுச்சி வரை ஏற வேண்டியதில்லை. மரநிழலில் சிறிது தூரம் நடந்தால், பழைய கருங்கல் குவாரியில் நீர் நிறைந்து உருவான குளத்தின் முன் நிற்கலாம். முதியவர்களும் சிறுவர்களும் களைப்பின்றிச் சென்று வரக்கூடிய பாதை அது. அருகிலேயே 1883ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்டு வரும் மழைக்காடும், சுமார் 163 மீட்டர் உயரமுள்ள மலையுச்சியும் உள்ளன. சுப்ஹானல்லாஹ், நகரத்தின் நடுவே இப்படியொரு அருட்கொடை!

திரும்பும் வழியில்தான் அது நிகழ்ந்தது. எட்டு வயது மாணவன் ஒருவன் தன் ரொட்டித் துண்டை நீண்டவால் குரங்கு ஒன்றிடம் நீட்டினான். அடுத்த கணமே மற்றொரு குரங்கு பாய்ந்து, அவன் தங்கையின் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பறித்துக்கொண்டு ஓடியது. சிறுமி அலறிவிட்டாள். நான் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் கண்கலங்கிக் கேட்டான்: "உஸ்தாத், தாகத்தோட இருந்த நாய்க்குத் தண்ணி கொடுத்தவரை அல்லாஹ் மன்னிச்சான்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

அந்த ஹதீஸைச் சென்ற வாரம்தான் நடத்தியிருந்தேன். எனக்கு உடனே பதில் வரவில்லை. உடன் வந்திருந்த தாய்மார் சிலரும், "வாயில்லா ஜீவனுக்கு உணவு கொடுப்பது நன்மைதானே, ஹள்ரத்?" என்றார்கள். இது அந்தச் சிறுவனின் கேள்வி மட்டுமன்று. நம்மில் பலரின் எண்ணமும் இதுவே. ஆகவே இதற்குத் தெளிவான பதில் தேவை.

முதலாவதாக, அந்த நாய் தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்தது. அதன் தேவை உண்மையானது. அதைத் தீர்த்தவருக்கு நற்கூலி கிடைத்தது. காட்டுக் குரங்கின் நிலை வேறு. பழம், இளந்தளிர், பூச்சி என அதன் ரிஸ்க் அக்காட்டிலேயே பரப்பி வைக்கப்பட்டுள்ளது. பூமியிலுள்ள ஒவ்வோர் உயிரினத்தின் உணவுக்கும் அல்லாஹ்வே பொறுப்பாளன் என்பதை ஸூரா ஹூதின் ஆறாவது வசனம் நமக்குக் கற்பிக்கிறது.

இரண்டாவதாக, பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸை நினைவுகூர்வோம். அவள் மீது இரு குற்றங்கள் கூறப்பட்டன: தானும் உணவளிக்கவில்லை, பூமியில் உள்ள சிற்றுயிர்களைத் தானே தேடி உண்ணவும் அதை விடவில்லை. இரண்டாவது குற்றத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தன் உணவைத் தானே தேடிக்கொள்வது ஒரு விலங்கின் உரிமை என்பது அதில் அடங்கியிருக்கிறது. கயிற்றால் கட்டுவது ஒரு வகைச் சிறை என்றால், ரொட்டியால் பழக்குவதும் ஒரு வகைச் சிறையே.

மனிதர் கையை நம்பி வாழப் பழகிய குரங்கு அச்சத்தை இழக்கிறது. பைகளைப் பறிக்கிறது, வீடுகளுக்குள் நுழைகிறது, சாலையோரம் காத்திருந்து வாகனங்களில் அடிபடுகிறது. மனிதரை அது தாக்கினால், பழி அதன் மீதே விழுகிறது; பழக்கிவிட்ட நாமோ வீடு திரும்பிவிடுகிறோம். மேலும், பழங்களை உண்டு விதைகளைத் தொலைவில் உமிழ்ந்து காட்டை வளர்க்கும் பணியும் அதற்கு உண்டு. நம் ரொட்டி அந்தப் பணியிலிருந்தும் அதை விலக்கிவிடுகிறது.

தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குப் பதில் தீங்கும் கூடாது என்பது மார்க்கத்தின் அடிப்படை. அன்போடு கொடுத்தோம் என்பதால் விளைந்த தீங்கு நீங்கிவிடாது. சிங்கப்பூர்ச் சட்டமும் காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பதைத் தடைசெய்துள்ளது. முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. மார்க்கத்திற்கு முரணாகாத நாட்டுச் சட்டத்தைப் பேணுவதும் நம் கடமையே.

அதற்காகப் பிள்ளையின் இரக்கத்தை நாம் அணைத்துவிடலாகாது. அதற்கு வழிகாட்ட வேண்டும். அந்த ரொட்டியை அண்டை வீட்டாருடன் பகிரச் சொல்லுங்கள். ஒரு மரக்கன்றை நடச் சொல்லுங்கள். அதிலிருந்து பறவையோ விலங்கோ மனிதரோ உண்பது நட்டவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள்.

பெற்றோரே, பிள்ளைகளை அவசியம் காட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஃபஜ்ருக்குப் பின் புறப்பட்டால் வெயிலுக்கு முன் நடந்து முடித்து, லுஹருக்குப் பள்ளிவாசலை அடையலாம். உணவைப் பிளாஸ்டிக் பையில் ஏந்தாமல், மூடிய முதுகுப்பையில் வையுங்கள். குரங்கு எதிர்ப்பட்டால் அதன் கண்களை உற்று நோக்காமல், ஓடாமல், அமைதியாக விலகுங்கள்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் அந்தச் சிறுவனிடம், "உன் கேள்வி சரியானது; பாதியை மட்டும் கற்பித்தது என் தவறு" என்று கூறினேன். பிறகு நாயின் ஹதீஸையும் பூனையின் ஹதீஸையும் சேர்த்தே நடத்தினேன். இனி எப்போதும் அப்படித்தான் நடத்துவேன், இன்ஷா அல்லாஹ்.

கொடுக்கும் கையையும், தேவையான இடத்தில் கையை மடக்கிக்கொள்ளும் அறிவையும் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக. ஆமீன்.