புழு தின்னட்டுமே!

வயலில் நஞ்சை நிறுத்திவிட்டோம். ஆனால் வீட்டு வாசலில்? குரோட்டன்சும் காகிதப்பூவும் வைக்கிறோம். இரண்டும் வெளிநாட்டுச் சரக்கு, நம்மூர்ப் புழுக்களில் பெரும்பாலானவை அவற்றைத் தொடாது. தானாக முளைத்த எருக்கை, வீடு பாழாகும் என்று பிடுங்கி எறிகிறோம். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அந்த இலைதான் சோறு.

நானும் யோக்கியன் இல்லை. போன ஆடியில் கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம் போலச் சில புழுக்கள் ஒட்டியிருந்தன. இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசலை அடித்துவிட்டேன். இயற்கை மருந்துதானே! மறுநாள், வேலியில் கூடு கட்டியிருந்த தையல்சிட்டு அந்தக் கன்றுக்குள் புகுந்து புகுந்து தேடிவிட்டு வெறும் வாயோடு போனது. குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. அப்போதுதான் உறைத்தது.

தேனுக்குப் பூ வைத்தால் மட்டும் பட்டாம்பூச்சி பெருகாது. முட்டை வைக்க அதற்கேற்ற இலை வேணும். கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆவாரை, எருக்கு என ஒரு மூலையில் இருந்தால் போதும். அந்த மூலையில் எந்தக் கரைசலும் அடிக்கக் கூடாது, நம்ம கரைசலும்தான்.

இப்போது எங்கள் வீட்டில் கறிவேப்பிலை இரண்டு. "ரசத்துக்கு இல்லாட்டியும் புழுவுக்கு விருந்தா?" என்கிறார் வீட்டுக்காரம்மா. மொட்டையான கன்று மறுபடி துளிர்த்துவிட்டது. பறிக்கப் போனால், இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அவரும் கிள்ளுகிறார்.