கிணற்றுத் தண்ணீரில் டீசல் வாடையா?

2025 ஜூலை 13-ம் தேதி விடியற்காலையில், திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றி வந்த சரக்கு ரயில் தடம்புரண்டு, 18 டாங்கர்கள் எரிந்தது நினைவிருக்கிறதா, சகோதரிகளே? டி.வி.யில் அந்தக் கரும்புகையைப் பார்த்துவிட்டு, "நெருப்பை அணைச்சுட்டாங்கக்கா, இனிமே பயமில்லே" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

"நெருப்பு அணைஞ்சா ஆச்சா? மண்ணுல ஊறினது எங்கேடி போகும்?" என்றேன்.

சிந்திய எண்ணெயை எடுக்காமல் விட்டால் மெல்லக் கீழே இறங்கும். டீசல் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். பெட்ரோலில் உள்ள பென்ஸீனோ தண்ணீரில் கரைந்து, அது ஓடும் பக்கமெல்லாம் போகும். பூமிக்கடியில் தண்ணீர் சும்மா இருப்பதில்லை என்பது நெய்வேலிக்காரர்களுக்குத் தெரியாததா? அடியிலிருந்து முட்டும் நீரை ராப்பகலாக இறைத்தால்தானே இங்கே சுரங்கமே நடக்கிறது!

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் இதுதான் நடந்தது. துறைமுகத்திலிருந்து வரும் எண்ணெய்க் குழாய் மண்ணுக்கடியில் கசிந்து, வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வந்தது.

சுத்தம் செய்வது எப்படி? எண்ணெய் ஊறிய மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்துவார்கள். துளை போட்டு, மிதக்கும் எண்ணெயை இறைப்பார்கள். மிச்சத்தை எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்களிடம் விடுவதும் உண்டு. டெல்லியிலுள்ள டெரி நிறுவனம் 'ஆயில்ஜாப்பர்' என்று அப்படி ஒன்றைத் தயாரித்திருக்கிறது. ஆனால் நிலத்தடி நீர் தெளிய வருஷக்கணக்காகும்.

அதுவரை நாம் செய்யவேண்டியது:

தண்ணீரில் பெட்ரோல், டீசல் வாடை வந்தால் குடிக்க, சமைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட எதற்கும் வேண்டாம். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஆவி அடுப்படியில்தான் பரவும். பென்ஸீன் நாளடைவில் ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. படிகாரமும் துணி வடிகட்டியும் இதற்குப் பயன்படாது.

தண்ணீர் மேல் வானவில் படலம் தெரிந்தால் குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுசில்லாக உடைந்து அப்படியே நின்றால், பெரும்பாலும் இரும்புச் சத்தால் வளரும் நுண்ணுயிர். மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். உடனே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்கூட்டரில் வடித்த பழைய ஆயிலை என் வீட்டுக்காரர் முன்பெல்லாம் கொல்லையில் மாமரத்தடியில்தான் கொட்டுவார். இப்போது டப்பாவில் பிடித்து மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுகிறார். ரயிலை நம்மால் தடுக்க முடியாது, அந்த டப்பாவையாவது தடுக்கலாமே!