கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சு

முடிச்சிடுதலை ஒரு நாளிற் கற்றுவிடலாம் என்பார் உளர். அவரோடு யான் உடன்படேன்.

பனிச்சறுக்குப் பலகைகளோடு அல்ப்ஸ் மலையேறுவோர், சறுக்கிச் செல்ல இயலாத செங்குத்துப் பாறையிலே கயிறு கட்டி இறங்குவர். பிரெஞ்சு மொழியில் இதற்கு 'ராப்பெல்' என்று பெயர். மீள அழைத்தல் என்பது பொருள். இறங்கியபின் கயிற்றைக் கீழிருந்து இழுத்து மீட்பதால் வந்த பெயர் இது. அழைக்கப்படுவது கயிறேயன்றி ஆளன்று என்பதை நோக்குக!

சுமை குறைத்தற்பொருட்டு 6 மில்லிமீற்றர்க் கயிற்றையே இந்நாளிற் சிலர் கொண்டுசெல்கின்றனர். தடித்த கயிற்றுக்கென அமைந்த கருவியில் அது வழுக்கி ஓடும். ஆதலின், கை நழுவினும் இறுகித் தாங்கும் துணைமுடிச்சு இன்றியமையாதது. 1931இல் ஒஸ்திரியரான கார்ல் புருசிக் விளக்கிய முடிச்சு அத்தகையது. மெல்லிய கயிற்றை அதுவும் பற்றுகின்றதா எனச் சமதரையிலேயே சோதித்தறிதல் வேண்டும். கயிற்றின் இரு நுனிகளிலும் தடைமுடிச்சு இல்லையேல், நுனி கடந்து கருவி கழன்றுவிடும். இவற்றைக் கையுறையோடும் இருளிலும் இடப் பழகாத ஒருவனைப் பாறையில் இறக்குதல் கொடுமை என்பேன்.

1865 யூலை 14இல் மாற்றகோண் சிகரத்தை முதன்முதல் எய்திய எழுவருள் நால்வர், இறங்குங்கால் கயிறு அறுந்து மாண்டனர். வலிய கயிறு கைவசம் இருந்தது. அறுந்த இடத்திற் கட்டியிருந்ததோ வலிகுறைந்த பழைய கயிறு. அத்துண்டு சேர்மாற் நகர் அரும்பொருளகத்தில் இன்றும் உள்ளது.